புதுக்கோழியும் அடைக்கோழியும்

2016 ஜூன் மாதம் பில் கேட்ஸ் ஒரு லட்சம் கோழி இலவசமாகத் தருவதாக அறிவித்தார். ஹைஃபர் இன்டர்நேஷனல் என்ற அமைப்போடு சேர்ந்து ஏழை நாட்டு ஜனங்களுக்கு. நம்ம தொழில்ல பாதிப் பேருக்குக் குலதெய்வம் மாதிரி இருக்கிற மனுஷன் திடீர்னு கோழி வியாபாரியா மாறிட்டாரேன்னு அப்போ எல்லாரும் சிரிச்சாங்க. பொலிவியா நாட்டு அரசாங்கம் சிரிக்கவில்லை. "எங்களை என்னன்னு நினைச்சீங்க, நாங்களே கோடிக்கணக்கில் கோழி வளர்க்கிற நாடு" என்கிற தொனியில் அமைச்சர் பதில் சொல்ல, கோழி வேண்டாம் என்று முடிந்தது.

மானப் பிரச்சனையை விடுங்க. எனக்கு அந்தச் செய்தியைப் படிச்சப்போ தோணினது வேற. கோழியைக் கொடுத்துடலாம். வாங்கிட்டும் போயிடலாம். ஆனா ஏற்கெனவே ஆறு கோழி மேயுற ஒரு கொல்லையில அந்தப் புதுக்கோழியை இறக்கி விட்டா என்ன ஆகும்? இதை அமெரிக்காவில் யாராவது யோசிச்சிருப்பாங்களா?

எங்க ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையம் பக்கம். கொல்லையில் நின்னு பார்த்தா கல்வராயன் மலை தெரியும். (கள்ளக்குறிச்சின்னு சொன்னாலே இப்போ எல்லாருக்கும் 2024 ஜூன் மாத விஷச்சாராயம்தான் ஞாபகம் வருது. பெங்களூர் ஆபீஸ்ல யாராவது சொந்த ஊர் கேட்டா, சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சே நின்னுடும். அந்த ஊர்ல வேற விஷயமும் இருக்கு சாமி.) எங்க அம்மா கொல்லையில் எப்பவும் எட்டு பத்து கோழி இருக்கும். அதை வெச்சு ஆரம்பிச்ச தேடல் இது. ஆணி குறைவா இருந்த ஒரு மாசம் கிடைச்சதை எல்லாம் படிச்சேன். படிக்கப் படிக்க, புதுக்கோழியைப் பழைய கூட்டத்தில் சேர்க்கிற இந்தச் சின்ன சமாச்சாரத்துக்குள்ள நூறு வருஷச் சரித்திரம் இருக்குன்னு தெரிஞ்சது. அதைத்தான் இங்கே எழுதறேன். நீளமான பதிவு. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல கோழி எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு வரி. 2022-ல் வந்த ஓர் ஆய்வு, வீட்டுக்கோழிக்கான மிகப் பழைய உறுதியான எலும்புகள் தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, காலம் ஏறக்குறைய கி.மு. 1650 முதல் 1250 வரை என்கிறது. நெல் பயிரிட ஆரம்பித்த ஊர்களுக்குக் காட்டுக்கோழிகள் தானியம் பொறுக்க வந்து அப்படியே ஒட்டிக்கொண்டன என்பது அவர்கள் கணிப்பு. அதாவது முதல் புதுக்கோழியை யாரும் பிடிச்சுட்டு வரலை, அதுவா வந்துச்சு. மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் இன்னொரு ஆளும் கதையில் உண்டு. 2008-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி நம்ம ஆளு. தென்னிந்தியக் காடுகளில் வாழ்வது. அதன் அறிவியல் பெயரில் இருக்கிற சொன்னரா, புதுச்சேரியில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். உலகத்தில் மஞ்சள் கால் உள்ள கோழி எங்கே மேய்ந்தாலும், என்றைக்கோ நம்ம பக்கத்துக் காட்டிலிருந்து வந்த ஒரு விருந்தாளியின் மிச்சம் அதில் இருக்கு.

தமிழ்நாட்டில் கோழிக்குக் கல் நட்ட ஊரும் நம்ம சுற்றுவட்டாரம்தான். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. போரில் செத்த வீரனுக்கு இல்லை, சண்டைச் சேவலுக்கு. சேவல் உருவத்தைச் செதுக்கி, முகையூர் மேற்சேரிக் கோழி என்று பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். முகையூர் திருக்கோவிலூருக்குப் பக்கம். இதே மாதிரி இந்தளூரில் ஒரு கல், அது கீழ்ச்சேரிக் கோழிக்கு. அந்தச் சேவலுக்குப் பெயர்கூட உண்டு: பொற்கொற்றி. மேற்சேரி, கீழ்ச்சேரி என்று ஊர் ரெண்டா நின்னு சேவலை மோதவிட்டிருக்கு. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐ.பி.எல். :-) சண்டை போட்ட சேவலுக்குக் கல் கிடைச்சது. முட்டையிட்டு, அடைகாத்து, அந்தச் சேவலையும் பொரிச்சுக் கொடுத்த பெட்டைக்கு ஒண்ணும் இல்லை. இந்தப் பாரபட்சம் பின்னாடியும் வரப்போகுது, மனசுல வெச்சுக்கோங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். புதுக்கோழியை மற்ற கோழிகள் ஏன் கொத்துது?

இதை முதலில் ஒழுங்காகக் கவனித்தவர் நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டரூப்-எப்பே. 1894-ல் பிறந்தவர். பத்து வயசு வாக்கிலேயே கோழிக்கூட்டத்தைப் பார்த்து, எது எதைக் கொத்துதுன்னு நோட்டுப் போட்டு எழுதி வெச்ச பையன். (எங்க வீட்டுல அந்த வயசுல இதைச் செஞ்சிருந்தா முதுகுத்தோல் உரிஞ்சிருக்கும்.) அதையே பெரியவனானதும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, 1922-ல் ஜெர்மன் மொழியில் கட்டுரையாக வெளியிட்டார். கோழிக்கூட்டம் வெறும் கும்பல் இல்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் யார் பெரியவள் என்பது ஒருமுறை சண்டையில் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு முறைப்பு போதும். சின்னவள் ஒதுங்கிக்கொள்வாள். இன்று ஆங்கிலத்தில் அதிகார வரிசையைக் குறிக்கப் பயன்படுத்தும் 'பெக்கிங் ஆர்டர்' இங்கிருந்து வந்ததுதான்.

நம்ம கணக்குல பார்த்தா, எட்டு கோழி இருந்தா 28 ஜோடி. 28 தகராறும் என்னைக்கோ தீர்ந்து போச்சு, கொல்லை அமைதியா இருக்கு. இப்போ ஒரே ஒரு புதுக்கோழியை விடுங்க. எட்டு புதுத் தகராறு. அதுல எட்டிலும் ஒரு பக்கம் அவளேதான். மத்ததுங்களுக்கு ஆளுக்கு ஒரு சண்டை, அவளுக்கு எட்டு. புராஜெக்ட்ல புதுசா சேர்ற ஃபிரெஷருக்கு முதல் வாரம் என்ன ஆகுதோ அதேதான், என்ன, நம்மளை மண்டையில கொத்த மாட்டாங்க. மூணு கோழியா விட்டா அடி மூணாப் பிரியும். தனிக்கோழி வாங்கி விடாதே, ஜோடியா வாங்குன்னு எங்க ஆயா சொல்றதுக்கு இதுதான் கணக்கு.

1944-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கூல், ஆலி என்ற ரெண்டு பேர் இதை இன்னும் அழகாகச் சோதித்தார்கள். ஒரு கூட்டத்தை மாற்றாமல் அப்படியே வைத்தார்கள். இன்னொரு கூட்டத்தில் அடிக்கடி ஒரு கோழியை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்த கூட்டம் அதிகம் கொத்திக்கொண்டது, குறைவாகத் தின்றது, எடை குறைந்தது, முட்டையும் குறைந்தது. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் வைத்தே அடையாளம் கண்டுகொள்கின்றன என்பதும் பின்னால் வந்த சோதனைகளில் தெரிந்தது. கொண்டையை மறைத்து வேறு மாதிரி ஆக்கிவிட்டால், கூடப் பிறந்ததையே அந்நியம் என்று கொத்தும்.

எங்க பக்கம் புதுக்கோழி வாங்கிட்டு வந்தா உடனே அவிழ்த்து விட மாட்டாங்க. பஞ்சாரத்தைக் கவுத்து, உள்ள வெச்சு, தண்ணியும் தவிடும் வெச்சு நாலஞ்சு நாள் கொல்லை நடுவுலயே வெச்சிருப்பாங்க. இல்லேன்னா கால்ல துணிக்கிழிசலைக் கட்டி முருங்கை மரத்தடியில விடுவாங்க. பழைய கோழிங்க சுத்திச் சுத்தி வந்து பார்க்கும், பஞ்சாரத்து ஈர்க்கு வழியா கொத்தப் பார்க்கும், அலுத்துப் போய் மேயப் போயிடும். அப்புறம் ஒரு நாள் பொழுது சாஞ்சதும், எல்லாம் அடைஞ்ச பிறகு, இருட்டுல தூக்கிக் கூண்டுக்குள்ள விடுவாங்க. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. விடிஞ்சு பார்த்தா பக்கத்துல படுத்திருக்கு, சரி போகட்டும்னு விட்டுடும். விட்டுடும்னா முழுசா இல்ல. ரெண்டு கொத்து விழும். ஆனா ரத்தம் பார்க்காது. கூலும் ஆலியும் எழுதறதுக்கு எவ்வளவு காலத்துக்கு முன்னாடி இருந்து இப்படிச் செய்யறாங்களோ!

கொத்துறதாவது பரவாயில்லை. புதுக்கோழியோட வர்ற இன்னொண்ணு இருக்கே, அதுதான் கொல்லையைக் காலி பண்றது.

1926-ல் ஒரே வருஷத்தில் உலகத்தின் ரெண்டு மூலைகளில் ஒரு கோழி நோய் பதிவாகிறது. ஒன்று ஜாவா தீவில். இன்னொன்று இங்கிலாந்தில் நியூகாஸில் துறைமுகம் பக்கம். கீழை நாடுகளிலிருந்து கப்பல் வழியாக வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. டாயில் என்ற மருத்துவர் அதற்கு நியூகாஸில் நோய் என்று பெயர் வைத்தார். அடுத்த ஓரிரு வருஷத்தில் இந்தியாவில் குமாவுன் மலையில் ராணிகெட் என்ற ஊரில் எட்வர்ட்ஸ் என்பவர் அதே மாதிரி நோயைக் கண்டு எழுதினார். இந்தியாவில் அதனால் ராணிகெட் நோய் என்றே பெயர் நிலைத்தது. நம்ம ஊர்ல நிறையப் பேர் இதை ராணிப்பேட்டை நோய்னு நினைச்சுட்டு இருக்காங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. இதற்குத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனம் நம்ம ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது, 1932-ல் தொடங்கியது. ராணிகெட்டில் பெயர் வாங்கிய நோய்க்கு ராணிப்பேட்டையில் மருந்து. (ராணிப்பேட்டையும் கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டம் ஆனது ரெண்டு நாள் வித்தியாசத்தில், 2019 நவம்பர் 28-ம் 26-ம். சும்மா ஒரு தகவலுக்கு.)

கிராமத்தில் இதுக்கு ராணியும் இல்லை ராஜாவும் இல்லை. வெள்ளைக்கழிச்சல். கோழி இறகைத் தொங்கப் போட்டு மூலையில ஒடுங்கும், வெள்ளையும் பச்சையுமா கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பிழைச்சதுங்க கழுத்தைத் திருகிக்கிட்டுச் சுத்தும். தடுப்பூசி போடாத கூட்டத்துல புகுந்தா கிட்டத்தட்ட எல்லாமே போயிடும். ஒரு வீட்டுல ஆரம்பிச்சா ஒரு தெருவே காலி.

இது எப்படிப் பரவுதுன்னு பார்த்தாதான் வயிறு எரியும். ஒரு ஊர்ல கழிச்சல் வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் என்ன செய்வாங்க? மிச்சம் இருக்கிறதைச் சாகறதுக்கு முன்னாடி காசாக்கிடலாம்னு சந்தைக்குக் கொண்டு போவாங்க. யாரும் கெட்டவங்க இல்லை, வேற வழி இல்லை. பார்க்க நல்லா இருக்கிற அந்தக் கோழிக்குள்ள நோய் இருக்கும், வெளிய தெரிய சில நாள் ஆகும். அதைத்தான் இன்னொரு ஊர்க்காரங்க விலை மலிவா இருக்கேன்னு வாங்கிட்டுப் போய் சொந்தக் கொல்லையில விடுவாங்க. நான் பிளஸ் டூ படிக்கும்போது எங்க அம்மா ஒரு வாரச்சந்தையில் மூணு வெடைக்கோழி வாங்கிட்டு வந்தாங்க. எந்தச் சந்தைன்னு வேண்டாம். பத்து நாளில் கொல்லையில் இருந்த பதினோரு கோழியில் பத்து போச்சு. மிஞ்சினது ஒரு கிழட்டுச் சேவல்.

பதினோரு கோழிதானேன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: சிறுவாடு. வீட்டுக் கணக்குல வராம பொம்பளைங்க சேர்த்து வைக்கிற காசு. நெல்லு வித்த காசு அப்பா கையில. மாட்டுப் பால் காசு சொசைட்டி வழியா வீட்டுச் செலவுக்கு. முட்டைக் காசும் கோழிக் காசும் மட்டும் அஞ்சறைப் பெட்டிக்குள்ள. அதை யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் போக சென்னைக்கு பஸ் செலவு, முதல் செமஸ்டருக்கு கால்குலேட்டர், இதெல்லாம் அங்கிருந்து வந்தது. நல்ல நேரம், அதுக்குள்ள கூட்டம் மறுபடி பெருகியிருந்தது. அந்தக் கிழட்டுச் சேவலும் பக்கத்து வீட்டு அடைக்கோழியும் புண்ணியம்.

இனி, மேலே இருந்து கோழி வந்த கதை.

நம்ம ஊர்ப் பக்கம் இதற்கு முன்னோடி மார்த்தாண்டம். 1920-களில், அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியது. ஒய்.எம்.சி.ஏ.-வைக் கிராமத்துப் பக்கம் திருப்பியவர் கே.டி. பால், நம்ம பக்கத்துச் சேலத்தில் பிறந்தவர். மார்த்தாண்டத்தில் வேலையை முன்நின்று நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். இன்றைக்கும் மார்த்தாண்டம் தேன் என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு வித்து அந்த மையம்தான். தேனோடு கோழியும் கொண்டு வந்தார்கள். வெள்ளை லெகார்ன். முட்டையை ஒன்றாகச் சேர்த்து விற்கக் கூட்டுறவுச் சங்கமும் வைத்தார்கள். இந்த அனுபவத்தை எல்லாம் ஹாட்ச் 1932-ல் புத்தகமாகவே எழுதினார். எனக்குப் பிடித்தது கோழியை விட அந்தச் சங்கம்தான். நாலு முட்டை வெச்சிருக்கிற ஒருத்தியும் நகரத்து விலைக்கு விற்க முடிஞ்சது.

லெகார்ன் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய கோழி. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போய் முட்டை இயந்திரமாகச் செதுக்கப்பட்டது. நம்ம நாட்டுக்கோழி வருஷத்துக்கு ஐம்பது அறுபது முட்டை இட்டால் அதிகம். இன்றைய லெகார்ன் வழிக் கலப்பினக் கோழி பண்ணையில் 300-க்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் கை துறுதுறுக்கும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1960-களில் யுனிசெஃப் உதவியோடு வந்த சத்துணவுச் செயல்திட்டத்தில் ஊர் ஊராகக் கோழி கொடுத்தார்கள். உலகம் முழுக்க அந்தக் காலத்தில் சேவல் மாற்றுத் திட்டம் ஒரு பெரிய மோகம். உன் ஊர்ச் சேவலை எல்லாம் அப்புறப்படுத்து, நான் சீமைச் சேவல் தர்றேன், அடுத்த தலைமுறை தானா உயரும் என்கிற திட்டம். (மறுபடியும் பாருங்க, சேவல்!)

முட்டை எண்ணிக்கையை ஏற்றும்போது ஒன்று கழன்று போனது. அடைகாக்கும் குணம். கோழி அடையில் உட்கார்ந்தால் அந்த 21 நாளும், குஞ்சு வளர்க்கும் ரெண்டு மாசமும் முட்டை கிடையாது. அதனால் அடையில் உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். பண்ணைக்கு அது சரி, இன்குபேட்டர் இருக்கு. கொல்லைக்கு? லெகார்ன் முட்டையை இடும், எழுந்து போயிடும். வெள்ளை வெளேர்னு இருக்கிறதால பருந்துக்கு வானத்துல இருந்தே தெரியும். கலப்பினமா இருந்தா முதல் தலைமுறையில இருக்கிற வீரியம் அடுத்த தலைமுறையில பாதியாகும். அதாவது ஒவ்வொரு தடவையும் மறுபடி குஞ்சு பொரிப்பகத்துக்கே போய் நிக்கணும். வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்ற சாஃப்ட்வேர் மாதிரி. நாட்டுக்கோழி திறந்த மூல மென்பொருள். காப்பி எடுத்துக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் பிறகு கொல்லைக்கு ஏற்ற மாதிரி நிறக் கோழிகளை உருவாக்கினார்கள். பெங்களூரில் கிரிராஜா, ஹைதராபாத்தில் வனராஜா, கிராமப்பிரியா, சென்னையில் நந்தனம் வகைகள். நாட்டுக்கோழியை விட ரெண்டு மடங்குக்கு மேல் முட்டை, பருந்துக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாத நிறம். நல்ல முயற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அடை? பெரும்பாலும் இல்லை, இல்லேன்னா அரைகுறை. (பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்று ஒரு புதுக்கோழி வந்ததே, அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பதிவு வேற பக்கம் போயிடும்.)

இதுக்கு நடுவுல மலையில என்ன நடந்துச்சுன்னா, கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசாங்கம் அதை முழுசா எடுத்துக்கிட்டது 1976-ல்தான், சுதந்திரம் வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு. ரோடும் ஆஸ்பத்திரியும் பட்டாவும் தாமதமாகி மலையாளி மக்கள் பட்ட கஷ்டம் பெரிய கதை, அதை ரொமான்டிக்காக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாம் தாமதமா வந்த ஊர்ல சீமைக்கோழியும் தாமதமாத்தான் வந்திருக்கும்னு நான் ஊகிக்கிறேன். வெள்ளிமலை பக்கம் போனீங்கன்னா சாமைக் களத்துல மேயுற சிறுவிடைக் கோழிகளைப் பார்க்கலாம். சின்ன உடம்பு, நீளக்கால், பறந்து ஓட்டுமேல ஏறும், அடையில உக்காந்தா கையை வெக்க முடியாது.

கொல்லையில் புதுக்கோழி சேர்க்க நம்ம ஜனங்க கண்டுபிடிச்ச நல்ல வழி இந்த அடைதான்னு எனக்குத் தோணுது. கோழியாகக் கொண்டு வராதே, முட்டையாகக் கொண்டு வா. வேற ஊர்ல நல்ல கோழி இருந்தா அதோட முட்டையை வாங்கி, நம்ம வீட்டு அடைக்கோழிக்கு அடியில வை. முட்டைக்குச் சண்டை போடத் தெரியாது. முட்டை வழியா வர்ற நோய் சிலது இருக்கு, சால்மொனெல்லா வகையறா. ஆனா வெள்ளைக்கழிச்சல் சந்தைக்கோழியோட வர்ற மாதிரி முட்டையோட அவ்வளவு சுலபமா வராது. பொரிச்ச குஞ்சுக்குப் பக்கத்தில் மற்ற கோழி எதுவும் போகாது, தாய் விரட்டி விரட்டிக் கொத்தும். ரெண்டு மூணு மாசத்துல தாயே ஒருநாள் குஞ்சுங்களைக் கொத்தித் துரத்திடும். அதுக்குள்ள எந்தக் கோழிக்கு எப்ப ஒதுங்கணும்னு அதுங்களுக்கு அத்துப்படி. கூட்டத்துல கடைசி இடத்துல சத்தமில்லாம சேர்ந்துடும். ஷெல்டரூப்-எப்பே எழுதின வரிசைக்குள்ள பின்வாசல் வழியா நுழையறது இது.

கோழியாகவே வேணும்னா அதுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு, வாரத்துக்கு விடறது. தெரிஞ்சவங்க ஒரு வெடைக்கோழியைக் கொடுப்பாங்க, பொரிக்கிற குஞ்சுல பாதி அவங்களுக்கு. இதுல ஒரு பாதுகாப்பு ஒளிஞ்சிருக்கு. சீக்குக்கோழியைக் கொடுத்தா கொடுத்தவளுக்கும் நஷ்டம். சந்தையில அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நோய்ப் பக்கம் அறிவியல் செய்த உதவி பெரியது. முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் ஹேடோவும் இத்னானியும் உருவாக்கிய தடுப்பூசி இன்று வரை பயன்படுகிறது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு ஊசியாகப் போடுவது. தமிழ்நாட்டில் பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவதும் இதற்காகத்தான். சிக்கல் என்னன்னா, மருந்து ஐஸிலேயே இருக்கணும். ஒரு குப்பியைத் திறந்தா நூத்துக்கணக்கான கோழிக்கு உடனே போட்டு முடிக்கணும். எட்டு கோழி வெச்சிருக்கிற அம்மாவுக்கு யார் குப்பி திறப்பாங்க? ஊர்ல எல்லாக் கோழியையும் விடிகாலையில கூண்டுலயே பிடிச்சு வெச்சிருக்கணும், விடிஞ்சா அது பிடி கொடுக்காது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஆஸ்திரேலியா பக்கமிருந்து வந்த ஓர் எளிய யோசனை. அங்கே கோழிகளில் நோய் உண்டாக்காத ஒரு ராணிகெட் வைரஸ் 1960-களில் கிடைத்தது. வி4 என்று பெயர். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ப்ராட்பிரோ அதில் வெயில் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்தார். 1980-களில் மலேசிய ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து அதைத் தீனியில் கலந்து கிராமத்துக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி வேண்டாம், கோழியைப் பிடிக்க வேண்டாம், தீனி போடத் தெரிந்தால் போதும். நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதே வழியில் போய், வாய்வழியாகக் கொடுக்கும் குருணை மருந்தைக் கொல்லைக்கோழிக்கென்றே உருவாக்கியது. ஊசி அளவுக்கு முழுக் காவல் இல்லைதான். எந்தக் கோழி எவ்வளவு பொறுக்கித் தின்னும்னு சொல்ல முடியாது, அடாவடிக் கோழி அதிகம் தின்னும், கடைசி வரிசைக் கோழிக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். (அங்கேயும் வரிசை வந்து நிக்குது பாருங்க!) ஆனா மருந்து முதல் முறையா டாக்டர் கையிலிருந்து அம்மா கைக்கு வந்தது.

2020 பிப்ரவரியில் தலைவாசல் கூட்டுரோட்டில், சின்னசேலத்துக்குப் பக்கத்திலேயே, பெரிய கால்நடை ஆராய்ச்சிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். எங்க ஊர் பசங்க கால்நடை மருத்துவம் படிக்க இனி சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ ஓட வேண்டியதில்லை. அங்கே இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு விண்ணப்பம்: வருஷத்துக்கு எத்தனை முட்டைன்னு எண்ணுற அதே நோட்டுல, எத்தனை தடவை அடையில உக்காந்தது, எத்தனை குஞ்சைக் காப்பாத்திக் கொடுத்ததுன்னும் ஒரு காலம் போட்டு எண்ணுங்க. அந்த எண்ணை எந்தத் திட்ட அறிக்கையிலயும் நான் இதுவரை பார்க்கலை.

அம்மா இப்போ சந்தையில் கோழி வாங்கறதே இல்லை. போன தைக்கு வெள்ளிமலையில் தெரிஞ்சவங்க வீட்டுல இருந்து பதிமூணு முட்டை வந்தது. தூக்குவாளியில உமியைக் கொட்டி, அதுக்குள்ள முட்டையைப் புதைச்சு, மலைப்பாதை வளைவு எல்லாம் மடியிலேயே வெச்சுக்கிட்டு பஸ்ல கொண்டு வந்தாங்க. ஒரு நாள் முழுக்க அசைக்காம வெச்சுட்டு, கூடையில மணல் போட்டு, ஒரு ஆணி, ஒரு துண்டுக் கரி, ஒரு காய்ஞ்ச மிளகாய் எல்லாம் வெச்சு அடையில விட்டாங்க. இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆகாம இருக்க அந்த இரும்பும் கரியும் மிளகாயுமாம். எனக்குத் தெரிஞ்ச எந்த இயற்பியலிலும் அதுக்கு இடமில்லை, ஆனா அந்த வீட்டுல இயற்பியல் பேச எனக்கு அனுமதியும் இல்லை. :-) பதினொண்ணு பொரிச்சது. ஒண்ணை வல்லூறு தூக்கிடுச்சு. மீதி பத்துல ரெண்டு பெட்டைக்கு நல்ல கொண்டை. போன வாரம் போன்ல சொன்னாங்க, அதுல பெரியவ முட்டை வெக்க ஆரம்பிச்சுட்டாளாம், பழைய குருதாலிக்குள்ளயே இடம் பிடிச்சுக்கிட்டாளாம். பக்கத்து வீட்டு அத்தை அதுக்குள்ள வந்து, அடைக்கு ஆறு முட்டை எடுத்து வைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம்.